சிறுநீர்வழிச் செப்சிஸின் கடுமையை எந்தக் குருதிப் பரிசோதனை காட்டும்?

உப்புவெளி_மகள் (செவ்வாய், இரவு 10.40)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 61 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. மெற்போமின் குளிசை எடுத்து வருகிறார். ஞாயிறு இரவு பத்து மணியளவில், கட்டிலே ஆடும் அளவுக்குக் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் தொடங்கியது. மழைக்காலம் என்பதாலும், எங்கள் ஒழுங்கையில் ஏற்கெனவே இருவருக்கு டெங்கு வந்திருந்ததாலும் இதுவும் டெங்குதான் என்று எண்ணித் திங்கள் காலை தனியார் ஆய்வுகூடமொன்றில் குருதி கொடுத்தோம். என்.எஸ்.1 பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்தது. குருதிச் சிறுதட்டுகள் 118,000 ஆக இருந்தன. ஆனால் வெண்குழியங்கள் 17,400, அவற்றில் நியூட்ரோபில் 91 சதவீதம். அந்தத் தாளைப் பார்த்த எங்கள் குடும்ப வைத்தியர், அம்மாவைத் திரும்பி இருக்கச் சொல்லி, வலப்பக்க விலாவுக்குக் கீழே முதுகில் கையால் மெதுவாகத் தட்டினார். அம்மா வலியில் துள்ளி எழுந்துவிட்டார். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்படி சொன்னார்.

திங்கள் மதியம் வாட்டில் அனுமதித்தார்கள். அன்று எடுத்தவற்றில் சீ.ஆர்.பி. 146, லக்டேட் 3.4, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேற்றினின் 196 என்று இருந்தன. மூன்று மாதங்களுக்கு முன் கிளினிக்கில் பார்த்தபோது கிரியேற்றினின் 88 தான். அன்று மாலை எடுத்து வெளியே அனுப்பிய புரோகால்சிடோனின் 38 என்று வந்தது. ஸ்கான் செய்தபோது, வலது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் மேற்பகுதியில் கல் அடைத்து, சிறுநீரகம் வீங்கியிருப்பது தெரிந்தது. சிறுநீர்த் தொற்றால் வந்த செப்சிஸ் என்று சொல்லி, அடைப்பைத் தாண்டிச் சிறுநீர் வடிவதற்காகத் திங்கள் இரவே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்தார்கள்.

இன்று மாலை காய்ச்சல் குறைந்து, அம்மா சிறிது கஞ்சி குடித்தார், லக்டேட் 1.5 ஆகவும் கிரியேற்றினின் 178 ஆகவும் இறங்கியுள்ளன. ஆனால் சீ.ஆர்.பி. 261 ஆக ஏறிவிட்டது, சிறுதட்டுகள் 84,000 ஆகக் குறைந்துவிட்டன. கனடாவில் இருக்கும் அண்ணா இந்த இரண்டு எண்களையும் கேட்டுவிட்டு, நோய் கூடிவிட்டது என்று அழுகிறார். வாட்டு வைத்தியரோ, அம்மா தேறி வருகிறார் என்கிறார். அவரிடம் நின்று விளக்கம் கேட்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அவருக்கும் நேரம் இருக்கவில்லை. சில எண்கள் இறங்கியும் சில ஏறியும் நிற்கும்போது, நோய் எவ்வளவு கடுமையானது என்பதை எதை வைத்து அறிவது? தெரிந்தவர்கள் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.


வாட்டு_வைத்தியன் (செவ்வாய், இரவு 11.55)

சகோதரி, நான் கிழக்கு மாகாணத்தில் பொது மருத்துவ வாட்டுகளில் பணிபுரியும் வைத்தியன். அம்மாவை நேரில் பார்க்காத நிலையில் சிகிச்சையைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் எண்கள் எதை அளக்கின்றன என்பதை விளக்கலாம். அது புரிந்தால் உங்கள் வாட்டு வைத்தியர் சொன்னதும் புரியும்.

செப்சிஸ் என்பதற்கு 2016 இல் தரப்பட்ட வரைவிலக்கணம், கிருமித் தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுக்கடங்காமல் போய், உடலின் சொந்த உறுப்புகளையே பழுதாக்கி உயிருக்கு ஆபத்தை உண்டாக்கும் நிலை என்பதாகும். ஆகவே கடுமையை அளப்பதென்றால், உறுப்புகள் எவ்வளவு பழுதடைந்துள்ளன என்பதையே முதலில் அளக்க வேண்டும். அதற்குப் பயன்படும் சோபா என்ற புள்ளிமுறையில் சுவாசம், சிறுதட்டுகள், ஈரலின் நிலையைக் காட்டும் பிலிருபின், குருதி அழுத்தம், நினைவுத்தெளிவு, சிறுநீரகம் ஆகிய ஆறும் கணக்கெடுக்கப்படுகின்றன. வழமையான நிலையிலிருந்து இரண்டு புள்ளிகள் கூடினாலே செப்சிஸ் என்று கொள்கிறோம். அம்மாவின் கிரியேற்றினின் 196 மைக்ரோமோலுக்கு இரண்டு புள்ளிகள், இன்றைய 84,000 சிறுதட்டுகளுக்கு இரண்டு புள்ளிகள். அதாவது நோய் உண்மையிலேயே கடுமையாக இருந்தது. உங்கள் அண்ணாவின் பயம் வெறும் பயமல்ல. ஆனால் இந்த ஆறில் சீ.ஆர்.பி. இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சீ.ஆர்.பி. என்பது ஈரல் சுரக்கும் ஒரு புரதம். 1930 இல் நியூயோர்க்கிலுள்ள றொக்பெல்லர் நிறுவனத்தில் டில்லெற், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளரின் குருதியில் கண்டறிந்தது; நம் கையிலுள்ள அடையாளப் பொருள்களில் மிகப் பழையது என்றே சொல்லலாம். கிருமி குருதியில் நுழைந்ததும் முதலில் இன்டர்லியூக்கின் 6 என்ற செய்திப் பொருள் உயர்கிறது, அது ஈரலைத் தூண்டுகிறது, ஈரல் சீ.ஆர்.பி.யைச் செய்யத் தொடங்குகிறது. இதற்கு ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் செல்லும். உச்சத்தை அடைய ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் வரை பிடிக்கும். நடுக்கம் தொடங்கி இன்று மாலையுடன் 44 மணித்தியாலம் அளவில்தான் ஆகிறது. ஸ்டென்ட் வைத்து ஒரு நாள்கூட ஆகவில்லை. ஆகவே 261 என்ற எண் திங்கட்கிழமை நடந்ததைத்தான் சொல்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் சட்டி சற்று நேரம் கொதிப்பதைப் போன்றது அது.

லக்டேட்டின் கதை வேறு. உடலின் இழையங்களுக்குக் குருதி போதாமல் போகும்போதும், தொற்றின் தாக்கத்தால் கலங்களின் இயக்கம் முடுக்கிவிடப்படும்போதும் அது உயரும். நிலைமை சீரானால் சில மணித்தியாலங்களிலேயே இறங்கும். இரண்டு மில்லிமோலுக்கு மேல் இருந்தாலே நாங்கள் எச்சரிக்கையாகிறோம், நான்கைத் தாண்டினால் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுடன் பேசத் தொடங்குகிறோம். போதிய சேலைன் கொடுத்தும், சராசரிக் குருதி அழுத்தத்தை 65 இல் நிறுத்துவதற்கு மருந்து ஏற்ற வேண்டியிருந்து, லக்டேட்டும் இரண்டுக்கு மேல் இருந்தால் அதைச் செப்சிஸ் அதிர்ச்சி என்கிறோம். அம்மாவுக்கு அழுத்தத்தை உயர்த்தும் மருந்து கொடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. 3.4 இலிருந்து 1.5 ஆக இறங்கியதுதான் இன்று உங்களுக்குக் கிடைத்த மிக நல்ல செய்தி. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: சிறுநீரகம் பழுதான நிலையில் மெற்போமினும் லக்டேட்டை உயர்த்தும். ஆகவே அந்தக் குளிசை நிறுத்தப்பட்டிருக்கிறதா என்பதை நாளை காலை வாட்டில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

புரோகால்சிடோனின் என்பது, வழக்கமாகத் தைரொயிட் சுரப்பியில் மட்டும் மிகச் சிறிதளவு உண்டாகி, பற்றீரியாத் தொற்றின்போது உடலின் பல இழையங்களிலிருந்தும் கொட்டும் ஒரு பொருள். சுகதேகியிடம் அது மில்லிலீற்றருக்கு 0.05 நானோகிராமுக்கும் குறைவு. 0.5 ஐத் தாண்டினால் பற்றீரியா என்று ஐயுறுகிறோம், 2 ஐத் தாண்டினால் தொற்று உடல் முழுவதும் பரவியிருக்க வாய்ப்பு அதிகம், 10 ஐத் தாண்டியவர்களில் பலர் அதிர்ச்சி நிலையிலோ அதன் விளிம்பிலோ இருப்பார்கள். 38 என்பது மிக உயர்ந்த அளவு. கல் அடைத்த சிறுநீரகத்தில் சீழ் கட்டி, கிருமி குருதிக்குள் நேரே தள்ளப்படும்போதுதான் இத்தகைய எண்களைக் காண்கிறோம். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களிடம் இந்தப் பொருள் சற்று மெதுவாகவே வெளியேறும் என்பதால், தனியொரு எண்ணைவிட அது எந்தத் திசையில் போகிறது என்பதே முக்கியம். மூலத்தை அகற்றிவிட்டால் அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைய வேண்டும்.

சிறுதட்டுகளைப் பற்றி நான் பொய்யான ஆறுதல் சொல்ல விரும்பவில்லை. கல் அடைப்புடன் வரும் சிறுநீர்த் தொற்றில் சிறுதட்டுகள் குறைவது, நோய் அதிர்ச்சி நிலைக்குப் போகக்கூடும் என்பதற்கான அடையாளமாகப் பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்டுள்ளது. குருதி நுண்ணிய நாளங்களுக்குள் உறைவதில் அவை செலவாகிவிடுகின்றன. என்றாலும் தொற்று அடங்கத் தொடங்கிய பிறகும் ஓரிரு நாட்கள் அவை குறைந்துவிட்டுத்தான் திரும்ப ஏறும். லக்டேட்டும் கிரியேற்றினினும் இறங்கி, சிறுநீர் நன்றாகப் போய், அம்மா தெளிவாகப் பேசுகிறாரென்றால் 84,000 ஐ நாளையும் மறுநாளும் கவனித்துப் பார்ப்பதே வழி. சிறுநீர் மணித்தியாலத்துக்கு எவ்வளவு சேர்கிறது என்பது கட்டிலருகே தொங்கும் பையிலேயே தெரியும். எந்த ஆய்வுகூடமும் அதைவிட விரைவாகச் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லாது.


ஆய்வுகூடப்_பணியாளர் (புதன், காலை 6.20)

வைத்தியர் சொன்னவற்றுடன் மாதிரி எடுக்கும் முறையைப் பற்றியும் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மேசையில்தான் இருக்கிறேன், தவறான மாதிரியிலிருந்து வந்த சரியான எண்ணை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

லக்டேட்டுக்கான குருதியைச் சாம்பல் நிற மூடியுள்ள புளோரைட்டுக் குழாயில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து உடனே அனுப்ப வேண்டும். குழாய்க்குள்ளும் செங்குழியங்கள் உயிருடன்தான் இருக்கின்றன. அவை குளுக்கோசை உண்டு லக்டேட்டை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். ஒருமுறை ஒரு நோயாளியின் உறவினர், சாதாரணக் குழாயில் எடுத்த மாதிரியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பயணம் செய்து கொண்டுவந்தார். முடிவு 5.2. வாட்டில் எல்லோரும் பதறினார்கள். எனக்கு ஐயமாக இருந்ததால் சரியான முறையில் மீண்டும் எடுக்கச் சொன்னேன், 2.1 வந்தது. கையை இறுக்கும் பட்டியை நெடுநேரம் கட்டி வைத்திருந்தாலும், நோயாளி கையைப் பொத்திப் பொத்தித் திறந்தாலும் எண் ஏறும்.

சிறுதட்டுகள் திடீரெனக் குறைந்தால், ஊதா மூடிக் குழாயிலுள்ள இரசாயனத்தால் அவை கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று கண்ணாடித் தகட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது எங்கள் கடமை. இயந்திரம் ஒரு கட்டியை ஒரு கலமாகவே எண்ணும். சகோதரியின் அம்மாவுக்கு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. 118,000 இலிருந்து படிப்படியாக இறங்கியிருப்பது உண்மையான குறைவாகவே தெரிகிறது. ஆனால் முதல் அறிக்கை ஓர் ஆய்வுகூடத்திலும் அடுத்தது வேறோர் ஆய்வுகூடத்திலும் செய்யப்பட்டிருப்பதால், இரண்டு இயந்திரங்களின் எண்களை ஒப்பிடும்போது சிறு வேறுபாட்டைப் பெரிதாக எடுக்காதீர்கள். புரோகால்சிடோனினை மீண்டும் பார்ப்பதென்றால் முதல் தடவை செய்த இடத்திலேயே செய்விப்பது நல்லது.

இன்னொன்று, ஸ்டென்ட் வைக்கும்போது கல்லுக்கு மேலே தேங்கியிருந்த சிறுநீரை எடுத்து வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். குழாய் முழுவதுமாக அடைத்திருக்கும்போது சிறுநீர்ப்பையிலுள்ள சிறுநீர் மற்றைய சிறுநீரகத்திலிருந்துதான் வருகிறது. அதில் கிருமியே வளராமல் போகலாம். அடைப்புக்கு மேலே எடுத்ததும், நுண்ணுயிர்க்கொல்லி தொடங்குமுன் எடுத்த குருதி வளர்ப்பும்தான் எந்த மருந்து வேலை செய்யும் என்பதைச் சொல்லும். சீ.ஆர்.பி. எவ்வளவு உயர்ந்தாலும் கிருமியின் பெயரை அது சொல்லாது.


கிண்ணியா_மகன் (புதன், பிற்பகல் 1.15)

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். உங்கள் அம்மாவுக்கு அல்லாஹ் பூரண சுகத்தைத் தர வேண்டும், சகோதரி. என் வாப்பாவுக்கு நடந்ததை எழுதுகிறேன். இந்த எண்களை எதிர்ப்பக்கமாக நம்பி நாங்கள் இழக்கப் பார்த்த கதை இது.

2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்களைக் கொண்டுபோன பிறகு, காய்ச்சல் என்றதும் சிறுதட்டு எவ்வளவு என்று மட்டுமே கேட்கும் பழக்கம் எங்கள் ஊரில் ஊறிவிட்டது. வாப்பாவுக்கு அப்போது 74 வயது. பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்தவருக்குக் குளிர் நடுக்கம் தொடங்கியது. அதற்கு முந்தின இரண்டு நாட்களாகச் சலம் (சிறுநீர்) கடுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று மணித்தியாலத்துக்குள் ஓரிடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். சிறுதட்டுகள் 190,000, வெண்குழியங்கள் 6,800, சீ.ஆர்.பி. 14. எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று சொல்லிப் பரசிற்றமோலைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சலம் சோதிக்கவில்லை. நாங்களும் நிம்மதியாகப் படுத்தோம்.

விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழுப்பியபோது வாப்பா என்னைப் பார்த்து, இறந்துபோன தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். காய்ச்சல் இருக்கவில்லை, உடம்பு குளிர்ந்து, மூச்சு வேகமாக இருந்தது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து வந்த அம்புலன்சில் இருந்தவர்கள் குருதி அழுத்தம் 80 என்றார்கள். அன்று காலை சீ.ஆர்.பி. 170, வெண்குழியங்கள் 2,900. ஒன்பது நாட்கள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, அல்ஹம்துலில்லாஹ், உயிருடன் வீடு வந்தார். சீ.ஆர்.பி. 14 என்ற அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. அந்த எண் பிழையா என்று இத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்தேன். வைத்தியர் ஆறு மணித்தியாலம் என்று எழுதியதைப் படித்தபோதுதான் விளங்கியது.


வாட்டு_வைத்தியன் (புதன், மாலை 5.30)

தம்பி, எண் பிழையல்ல, நேரந்தான் பிழை. நடுக்கம் தொடங்கிய மூன்றாம் மணித்தியாலத்தில் ஈரல் இன்னும் வேலையையே தொடங்கியிராது. புரோகால்சிடோனின் இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்தில் ஏறத் தொடங்கும். அதுவும் அந்த நேரத்தில் ஏமாற்றியிருக்கலாம். முதியவர்களிடம் காய்ச்சலும் வெண்குழியங்களும் ஏறாமலே செப்சிஸ் வருவதுண்டு. வெண்குழியங்கள் 4,000 க்குக் கீழே விழுவது, ஏறுவதைவிடப் பயங்கரமான அறிகுறி. எலும்பு மச்சையால் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் அவை இழையங்களுக்குள் போய்ச் செலவாகின்றன என்பது அதன் பொருள். கல் உடைக்கும் சத்திரசிகிச்சை முடிந்து சில மணித்தியாலத்துக்குள் வெண்குழியங்கள் சடுதியாகச் சரிந்தால் சிறுநீரகச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் இரவோடிரவாக எழுந்து வருவதும் இதனால்தான்.

உங்கள் வாப்பாவிடம் நோயின் கடுமையைச் சொன்னவை மூன்று: ஆளை மாறிக் கூப்பிட்டது, வேகமான மூச்சு, சரிந்த அழுத்தம். நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சும், 100 அல்லது அதற்குக் குறைந்த மேல் அழுத்தமும், குழம்பிய நினைவும் தொற்றுள்ள ஒருவரிடம் சேர்ந்து தெரிந்தால், குருதி அறிக்கை வரும்வரை காத்திருக்கக் கூடாது. 2021 இல் வெளியான சர்வதேசச் செப்சிஸ் வழிகாட்டலும், நுண்ணுயிர்க்கொல்லியைத் தொடங்குவதா என்ற முடிவுக்குப் புரோகால்சிடோனினைத் துணைக்கு அழைக்க வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. அதிர்ச்சி நிலை என்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து ஏற வேண்டும். மருந்தை எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்குத்தான் அந்த எண் அதிகம் உதவுகிறது.

டெங்குவைப் பற்றி ஒரு வார்த்தை. டெங்குவில் வழக்கமாக வெண்குழியங்களும் சிறுதட்டுகளும் சேர்ந்தே குறையும். சிறுதட்டுகள் குறைந்து நியூட்ரோபில் 91 சதவீதமாக ஏறியிருந்தால், பற்றீரியா எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். ஆனால் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயலில் இறங்குபவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலும் இதே எண்களைத் தரும்: சீ.ஆர்.பி. ஏறும், சிறுதட்டு குறையும், கிரியேற்றினின் உயரும். சகோதரியின் அம்மாவிடம் தொற்று எங்கே என்பதை முதுகில் தட்டிப் பார்த்த கையும் ஸ்கானுந்தான் காட்டின. அந்தக் குடும்ப வைத்தியரை நான் மிகவும் மதிக்கிறேன்.


உப்புவெளி_மகள் (வியாழன், இரவு 8.10)

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்றுக் காலை கேட்டேன்; மெற்போமினைத் திங்களன்றே நிறுத்தி இன்சுலின் போடுகிறார்களாம். கல்லுக்கு மேலிருந்து எடுத்த சிறுநீரையும் அனுப்பியிருக்கிறார்கள். இன்று காலை புரோகால்சிடோனினை அதே ஆய்வுகூடத்தில் செய்வித்தோம்: 11. சிறுதட்டுகள் 97,000, கிரியேற்றினின் 121, சீ.ஆர்.பி. 188. குருதி வளர்ப்பில் ஈ. கோலை வளர்ந்திருக்கிறது, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பது நாளை வரும் என்றார்கள். அம்மா இன்று, வீட்டில் மரவள்ளிக்குத் தண்ணீர் ஊற்றினோமா என்று கேட்டார். அண்ணாவிடம் இனி சீ.ஆர்.பி.யைச் சொல்வதில்லை; மணித்தியாலத்துக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

எனக்கு இன்னும் ஒரு கேள்வி. இந்த எண்கள் இறங்கிக்கொண்டிருக்கையில் திரும்ப ஏறினால் நாங்கள் என்ன நினைக்க வேண்டும்?


வாட்டு_வைத்தியன் (வியாழன், இரவு 9.45)

மிக்க மகிழ்ச்சி, சகோதரி. புரோகால்சிடோனின் உச்சத்திலிருந்து எண்பது சதவீதம் குறைவது, மருந்தை நிறுத்துவது பற்றி யோசிக்கப் பல இடங்களில் பயன்படும் அளவு. 38 க்கு அது 7.6 ஆகும். 11 அதற்கு அருகில் வந்துவிட்டது. ஆனால் குருதியில் கிருமி வளர்ந்திருப்பதாலும் கல் இன்னும் உள்ளே இருப்பதாலும், எத்தனை நாள் மருந்து என்பதை அந்த எண் மட்டும் தீர்மானிக்காது.

48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் புரோகால்சிடோனின் இறங்காமல் நின்றாலோ, இறங்கிவிட்டுத் திரும்ப ஏறினாலோ நாங்கள் மூன்றைத் தேடுவோம். கொடுக்கும் மருந்துக்குக் கிருமி அடங்காததாக இருக்கலாம். ஸ்டென்ட் சீழால் அடைத்தோ இடம் விலகியோ இருக்கலாம். சிறுநீரகத்திலோ அதைச் சுற்றியோ சீழ்க்கட்டி உண்டாகியிருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களிடம் சிறுநீரகத்துக்குள் வாயுவை உண்டாக்கும் கொடிய வகை அழற்சியும் வருவதுண்டு, அதைச் சீ.டீ. ஸ்கான்தான் தெளிவாகக் காட்டும். நடுக்கம் மீண்டும் வந்தால், அடுத்த அறிக்கைக்குக் காத்திராமல் அப்போதே தாதியை அழையுங்கள்.

வீடு செல்லும் நாளில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டென்ட் நிரந்தரமானதல்ல. கல்லுக்கான சிகிச்சை எப்போது, ஸ்டென்டை எடுப்பது எப்போது என்ற இரண்டு திகதிகளையும் கிளினிக் புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். சுகமாகிவிட்டதென்று மறந்து, ஸ்டென்டிலேயே கல் படிந்து, இதே நடுக்கத்துடன் திரும்பி வந்தவர்களை நான் வாட்டில் பார்த்திருக்கிறேன்.